அவன் பக்கத்தில் போட்ட நாற்காலி

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. உளவியலில் முதுகலையும் பி.எட்.டும் முடித்து மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். திருமணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இங்கே ஓர் அரசுப் பள்ளியில், இரண்டாம் வகுப்பில் படிக்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கு, வகுப்பில் கூடவே இருந்து உதவும் ஃபெசிலிடேட்டராக இருக்கிறேன். அவனுக்கு ஆட்டிசம். என் சம்பளத்தை அவன் பெற்றோர் தருகிறார்கள். நாள் முழுவதும் அவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்; கொடுத்த வேலையை எல்லாம் முடித்துவிடுகிறான். நான் விடுப்பு எடுத்தால் மட்டும் பென்சிலைத் தொடுவதில்லை. சென்ற வாரம் தலைமை ஆசிரியர், "அடுத்த ஆண்டுக்கு ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கல்வி உளவியலாளர் ஆகிவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றுகிறது. முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் படிப்பா என்கிறார் கணவர். "டெஸ்ட் வைத்து சர்டிபிகேட் கொடுக்கிற வேலைதானே" என்கிறார் மாமியார். இங்கே அதற்கு என்ன வழி? அந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது? (பெயர் வேண்டாம், டர்பன்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை. கல்வி உளவியலாளர்களான நாங்கள் டெஸ்ட் வைக்கிறோம், பக்கம் பக்கமாக அறிக்கையும் எழுதுகிறோம். மீதிப் பாதியைச் சொல்வதற்கு உங்களை ஒரு பள்ளிக்கூட நடைக்கு அழைத்துப் போக வேண்டும். (பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.)

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். "காரணமே இல்லாமல் மற்ற பிள்ளைகளை உதைக்கிறான்" என்று ஆசிரியரின் குறிப்பேட்டில் ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தது. ஏற்கெனவே ஒருவர் அவனுக்கு எல்லாச் சோதனைகளும் வைத்துப் பதினொரு பக்க அறிக்கை கொடுத்திருந்தார். நல்ல அறிக்கை, தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் உதை நிற்கவில்லை. நான் சோதனைப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு, குறிப்பேட்டில் உள்ள நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எல்லாமே இடைவேளை முடிந்த இரண்டு நிமிடத்துக்குள் நடந்தவை. அடுத்த நாள் இடைவேளை முடியும் நேரத்தில், அவன் வகுப்பு வரிசையாக நிற்கும் இடத்தில் போய் நின்றேன். மேலே தகரக் கூரை. அதற்குக் கீழே, தலைக்கு மூன்றடி உயரத்தில் சைரன். அது அலறியபோது எனக்கே பல் கூசியது. அந்தப் பையன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். பின்னால் நின்றவன் முட்டினான். கை இரண்டும் காதில் இருக்கிறது; தள்ளுவதற்கு அவனிடம் மிச்சம் இருந்தது கால்தான்.

மறுநாளிலிருந்து சைரனுக்கு மூன்று நிமிடம் முன்பே வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரோடு வகுப்புக்கு நடந்து போகும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தோம். உதை அத்தோடு நின்றதா என்றால், முழுக்க நிற்கவில்லை. மழை நாளில் எல்லோரும் உள்ளே அடைந்து கிடக்கும்போது இன்னும் தகராறுதான். ஆனால் குறிப்பேட்டில் வாரத்துக்கு நான்கு வரி இருந்தது, மாதத்துக்கு ஒன்றாகியது. அந்த ஆசிரியர் என்னிடம் ஒன்று சொன்னார்: "டாக்டர் அறிக்கையை நான் முதல் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை அம்மா, நாற்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்போது படிப்பது?" நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து என் அறிக்கைகளின் முதல் பக்கத்தில், திங்கள்கிழமை காலையில் ஆசிரியர் செய்யக்கூடிய இரண்டே இரண்டு காரியங்கள் இருக்கும். மதிப்பெண், விளக்கம் எல்லாம் அதற்குப் பின்னால்.

என் வேலை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைவிடப் பிள்ளை உட்காரும் இடத்தைப் பார்க்கும் நேரம் அதிகம்.

டெஸ்ட் வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா உள்ள ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமோ, வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவரோ, எழுதித் தர ஒருவரோ, தனி அறையோ கேட்க வேண்டுமானால் முறையான மதிப்பீடு வேண்டும். அது கிடைக்காமல், இங்கே மெட்ரிக் என்று சொல்லும் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தோற்ற புத்திசாலிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் சோதனையின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள இந்த நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. இங்கே நெடுங்காலம் புழங்கிய அறிவுத்திறன் சோதனைகள் சில, ஆங்கிலமோ ஆப்பிரிகான்ஸோ பேசும் பிள்ளைகளை அளவுகோலாக வைத்து உருவானவை. வீட்டில் ஜூலு பேசும் பிள்ளை அதில் வாங்கும் மதிப்பெண், அறிவுக்கு எவ்வளவு, ஆங்கிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் பெட்டியைத் திறக்கவே கூடாது.

நம் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி; நான்கு மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆட்டிசமாக இருக்குமோ என்று அனுப்பினார்கள். நான் தமிழில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மரத்திலிருந்து குரங்கு இறங்கி வந்து அவளுடைய டிபன் பெட்டியிலிருந்து இட்லியை எடுத்துப் போனதையும், குரங்குக்குச் சட்னி பிடிக்காமல் முகத்தைச் சுளித்ததையும் கால் மணி நேரம் நடித்துக் காட்டினாள். டர்பன் குரங்குகள் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதமாக இந்தக் கதையைச் சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்திருக்கிறாள். புதிய மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. இன்னொரு பையனை "ஊர் மாறி வந்தவன், மொழிப் பிரச்சினை, சரியாகிவிடும்" என்று எல்லோரும் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டார்கள். தமிழிலும் அவனால் ஒருவரோடு மாறி மாறிப் பேச முடியவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகள் இன்றும் எனக்கு உறுத்தல். முதல் முறை பார்த்தபோது ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

இதோடு ஒட்டிய ஒன்று. ஆட்டிசம் என்று தெரிந்ததும் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், தமிழை நிறுத்தினால் பிள்ளை இழப்பது பாட்டியை. 1860இல் டிரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழைத் தொலைத்ததற்கு வேறு எத்தனையோ காரணங்கள் இருந்தன. நாமும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம். நீங்கள் துணையிருக்கும் பையனின் வீடு தமிழர் வீடாக இருந்தால், அவன் அம்மா, மகன் நன்றாகப் பேசினால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான். நேர்த்திக்கடனும் இருக்கட்டும், பேச்சுப் பயிற்சிக்கு நேரம் குறித்த சீட்டும் இருக்கட்டும் என்பேன். காவடி அன்று பம்பைச் சத்தத்துக்கு அவன் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி தலைமை ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அதைச் சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. 1994க்கு முன்பு இங்கே ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கல்வித் துறை; சிறப்புப் பள்ளிகளும் அப்படியே பிரிந்து கிடந்தன. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு, நடைமுறையில் இயலும் இடத்திலெல்லாம் சாதாரண அரசுப் பள்ளியிலேயே கல்வியும் அதற்கான ஆதரவும் தரும் கடமையை மாகாணக் கல்வி அமைச்சர் மேல் வைத்தது. அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்கு நுழைவுத் தேர்வு வைக்கவும் தடை. 2001இல் அரசின் கொள்கை ஆவணமான ஆறாம் வெள்ளை அறிக்கை வந்தது. சாதாரணப் பள்ளி, கூடுதல் வசதி கொண்ட முழுச்சேவைப் பள்ளி, மற்றப் பள்ளிகளுக்கும் கைகொடுக்கும் சிறப்புப் பள்ளி என்று மூன்று அடுக்கு. இருபது ஆண்டில் நாடு முழுவதும் இதைக் கொண்டுவருவதாகத் திட்டம். இருபது ஆண்டும் போய்விட்டது. எழுத்து நல்ல எழுத்துத்தான். கட்டடமும் ஆளும் அந்த எழுத்துக்குப் பின்னால் மூச்சு வாங்க நடந்து வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் உங்களுக்கு இப்போது கைகொடுக்கப் போவது 2014 டிசம்பரில் வந்த இனங்காணல், மதிப்பீடு, ஆதரவுக் கொள்கை. பள்ளியில் சியாஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். "இந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறு?" என்ற பழைய கேள்வியை ஓரம்கட்டிவிட்டு, "எந்த அளவு ஆதரவு தேவை, அதை யார் தருவது?" என்று அது கேட்கிறது. முதலில் வகுப்பாசிரியர் பெற்றோரோடு சேர்ந்து எஸ்.என்.ஏ. 1 படிவத்தை நிரப்ப வேண்டும்: என்ன சிரமம், என்னென்ன முயற்சி செய்தோம், எது பலித்தது. அது போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2 நிரப்பி, தனியாக ஓர் ஆதரவுத் திட்டம் போட்டு, செய்து பார்த்து, திரும்ப ஆராய வேண்டும். அதுவும் போதாதபோதுதான் மாவட்டக் குழுவுக்கு எஸ்.என்.ஏ. 3. வேறு பள்ளி என்ற பேச்சு அங்கே வர வேண்டியது. அந்தப் பெற்றோரை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள், பணிவாக, எழுத்தில்: "எங்கள் மகனின் எஸ்.என்.ஏ. 1, 2 படிவங்களைப் பார்க்கலாமா?" பல பள்ளிகளில் அந்தக் கடிதம் போன பிறகுதான் படிவமே பிறக்கும். பிறக்கட்டும், தேதியைப் பார்த்துச் சண்டை போட வேண்டாம்.

சிறப்புப் பள்ளியைத் தண்டனையாக நினைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உள்ள ஆசிரியர்களிடம் நான் கற்றது கொஞ்சமல்ல. சாதாரண வகுப்பின் கடைசி மேசையில் வண்ணம் தீட்டும் தாளோடு மூன்று ஆண்டு உட்கார வைத்துவிட்டு அதற்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயர் சொல்வதைவிட, அங்கே சிரித்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படிப்புக்கு வருவோம். இங்கே "கல்வி உளவியலாளர்" என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில், எச்.பி.சி.எஸ்.ஏ.வில், அந்தப் பிரிவில் பதிவு பெற வேண்டும். அதற்கு மன்றம் அங்கீகரித்த முதுகலை, பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி, மன்றத்தின் தேர்வு மூன்றும் வேண்டும். முதுகலைக்கு முன்னால் ஹானர்ஸ் தகுதி, அதாவது இளங்கலைக்கு மேல் ஓராண்டுப் படிப்பு. உங்கள் இந்திய முதுகலை இங்கே எந்தப் படியில் வைக்கப்படும் என்பதை முதலில் தகுதிகள் ஆணையமான சாக்வா சான்றளிக்க வேண்டும். முதுகலை என்ற பெயர் இருப்பதாலேயே இங்கத்தைய தொழில்முறை முதுகலைக்கு அது ஈடாகாது. பயிற்சி சேராத பட்டம் பெரும்பாலும் ஹானர்ஸ் அளவுக்குத்தான் உதவும். கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் முன்பே உங்கள் சான்றிதழ்களை அனுப்பி, மன்றத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். "சேர்ந்துகொள்ளுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஒரு தோழி இரண்டு ஆண்டையும் சேமிப்பையும் இழந்தார். விசா என்ன வகை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். உள்ளகப் பயிற்சி இடம் கிடைப்பதில் அது குறுக்கே வரலாம்.

பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க், விட்வாட்டர்ஸ்ராண்ட், ஸ்டெலன்போஷ் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்த முதுகலை இருக்கிறது. ஆண்டுக்கு எடுப்பது ஒரு சிறு குழுவைத்தான். நேர்காணலில் பலரும் "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்று தொடங்குவார்கள். நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள். நான் விடுப்பு எடுத்தால் அவன் பென்சிலைத் தொடுவதில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதைச் சொல்லுங்கள். கவனிக்கத் தெரிந்த ஆள் என்று அவர்களுக்குப் புரியும். கூட்டிப் பார்த்தால் மூன்று நான்கு ஆண்டுகள். இப்போதே தொடங்கினால் முடிக்கும்போது உங்களுக்கு முப்பத்தாறு ஆகும். படிக்காவிட்டாலும் முப்பத்தாறு ஆகத்தான் போகிறது என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

இடையில் வேறு இரண்டு வாசல்கள் உண்டு. பதிவு பெற்ற ஆலோசகர் என்ற பிரிவுக்கு முதுகலை தேவையில்லை. நான்காண்டுத் தகுதியும் 720 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் தேர்வும் போதும். இன்னொன்று, உங்கள் பி.எட்.டை வைத்து ஆசிரியர் மன்றமான எஸ்.ஏ.சி.இ.யில் பதிவு செய்துகொண்டு, கற்றல் ஆதரவு ஆசிரியராவது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்தக் கடைசி வாசல்தான் எனக்கு முதலில் தோன்றியது. ஊரில் மூன்று ஆண்டு நடத்தியிருந்தாலும், முடிந்தால் இங்கேயும் இரண்டு ஆண்டு சொந்தமாக ஒரு வகுப்பை நடத்துங்கள்; வயதில் இரண்டு கூடினாலும் பரவாயில்லை. இங்கத்தைய வகுப்பை நடத்தாத உளவியலாளர் சொல்லும் யோசனையை ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் உளவியலாளரான பிறகும் என் பேச்சு எடுபட்டது, சாக் கட்டி பிடித்த ஆறு ஆண்டுகளால்தான்.

வேலையில் கசப்பும் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் இடம் கிடைத்தால், ஒருவர் தலையில் பல பள்ளிகள். காலையில் உம்லாசி, மதியம் ஃபீனிக்ஸ், இரவு சமையலறை மேசையில் அறிக்கை. தனியாகத் தொழில் தொடங்கினால், கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். மிகவும் தேவைப்படும் பிள்ளை வரிசையில் கடைசியில் நிற்கும். நான் வாரத்தில் ஒரு நாளைக் கட்டணமில்லாமல் ஒதுக்கிச் சமாதானம் செய்துகொள்கிறேன். அது சமாதானம் மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் உங்களுக்கே தெரியாமல் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்கள் இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடிக்கிறான். இல்லாத நாளில் பென்சிலைத் தொடுவதில்லை. தலைமை ஆசிரியர் கண்ணில் பட்டிருப்பது அந்த இரண்டாவது நாள். பையனுக்கு எழுதத் தெரியும். எழுதத் தொடங்குவதற்கான அடையாளம் அவனுக்கு நீங்கள்தான். ஆசிரியர் "நோட்டைத் திறங்கள்" என்று சொல்வது அவனைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டு ரேடியோ. உங்கள் விரல் நோட்டில் படும்போதுதான் பாடம் தொடங்குகிறது. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. பாசமுள்ள ஃபெசிலிடேட்டர்கள் எல்லோருக்கும் இது நேர்கிறது. நானும் செய்திருக்கிறேன்.

மூன்று நாள் எதையும் மாற்றாமல், உங்களையே கவனியுங்கள். ஒவ்வொரு வேலையையும் அவன் தொடங்குவதற்கு முன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெயர் சொல்கிறீர்களா, முழங்கையைத் தொடுகிறீர்களா, முதல் எழுத்தைக் காட்டுகிறீர்களா? ஒரு துண்டுத் தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். பிறகு அவன் மேசையில் மூன்று சிறு படங்களை ஒட்டுங்கள்: நோட்டைத் திற, தேதி எழுது, முதல் கணக்கைப் போடு. ஆசிரியரிடம் ஓர் உதவி கேளுங்கள். வகுப்புக்குச் சொன்ன பிறகு, அவன் மேசையருகே வந்து அந்த முதல் படத்தை அவரே ஒருமுறை தட்டிக் காட்டட்டும். ஐந்து விநாடி வேலை. நாற்பது பிள்ளைகள் உள்ள ஆசிரியரும் செய்யலாம். நீங்கள் வாயால் சொல்வதை முதலில் விடுங்கள். சுட்டிக் காட்டினால் போதும். ஒரு வாரம் கழித்து அதையும் விடுங்கள். எல்லாப் பாடத்திலும் ஒரே நாளில் வேண்டாம். அவனுக்குப் பிடித்த பாடத்தில், அரை மணி நேரத்துக்கு மட்டும். முன்னால் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் மாற்றினால் அவன் உலகம் ஆடிப்போகும். தேதி போட்டுக் குறித்து வைத்தால், அந்தத் தாள் எஸ்.என்.ஏ. 2 கூட்டத்தில் எந்தப் பதினொரு பக்க அறிக்கையையும்விட அதிகம் பேசும்.

அதன் பிறகு நாற்காலி. முதல் வாரம் ஒரு கை நீளம் பின்னால் தள்ளிப் போடுங்கள். அடுத்த வாரம் பக்கத்து மேசைக்குப் போய், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் உதவுங்கள். முதல் நாள் பென்சிலை உருட்டிக்கொண்டே இருப்பான். உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அப்போது நீங்கள் வேறு ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருங்கள்.